கரி உப்பை வடிகட்டுவதில்லை: கரி மின்வாய்களால் தண்ணீரில் உப்பு நீக்குவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தை வீட்டுக்குத் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்க ஒருவர் வந்திருந்தார். இரண்டு கண்ணாடித் தம்ளர்களை மேசைமேல் வைத்து, ஒன்றில் வீட்டின் ஆழ்துளைக் கிணற்று நீரையும் மற்றொன்றில் தாம் கொண்டுவந்திருந்த சுத்திகரித்த நீரையும் ஊற்றினார். இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் கீழே நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறிய பெட்டியைத் தம்ளர்கள்மீது பொருத்தி, அதன் பிளக்கைச் சுவரில் செருகினார். ஒரு நிமிடத்திற்குள் கிணற்று நீர் செம்மண் குழம்புபோல் ஆகிவிட்டது. சுத்திகரித்த நீர் ஏறக்குறைய அப்படியே இருந்தது. “பார்த்தீங்களாம்மா, இவ்வளவு உப்பையும் அழுக்கையும்தான் தினமும் குடிச்சுக்கிட்டு இருக்கீங்க” என்றார். அத்தைக்கு அன்று முழுவதும் மனமே சரியில்லை.

அந்தக் குழம்பு கிணற்றிலிருந்து வந்ததன்று. உப்பு கரைந்த நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். பாயும்போது இரும்புக் கம்பியே அரித்துக் கரைந்து துருவாகப் படியும். சுத்திகரித்த நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் அங்கே மின்சாரம் பாயவில்லை, கம்பியும் அரிக்கவில்லை. கிணற்று நீரில் இருந்த உப்போ இவ்வளவு ஆர்ப்பாட்டத்திற்குப் பிறகும் நீரிலேயேதான் இருந்தது. நம் ஊர்களில் பல வீடுகளில் காட்டப்பட்டுவரும் இந்த வேடிக்கையை இங்கே நினைவுகூர ஒரு காரணம் உண்டு. இக்கட்டுரை பேசவிருப்பதும் உப்புநீரில் இரண்டு மின்வாய்களை வைத்து மின்சாரம் கொடுப்பதைப் பற்றித்தான். மின்வாய் என்பது மின்சாரத்தை நீருக்குள் கொண்டுசெல்லும் கம்பி அல்லது தகடு. இரும்புக்குப் பதிலாகக் கரியையும், சுவர் பிளக்கின் 230 வோல்ட்டுக்குப் பதிலாக ஒன்றேகால் வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவான மின்னழுத்தத்தையும் பயன்படுத்தினால், உப்பு உண்மையிலேயே நீரைவிட்டு விலகி வருகிறது. இம்முறைக்கு மின்தேக்க அயனி நீக்கம் என்று பெயர், சி.டி.ஐ. என்ற சுருக்கப் பெயரே அதிகமாகப் புழங்குகிறது.

“கார்பன்”, “தண்ணீர்” என்ற இரண்டு சொற்களும் ஒரே வரியில் வந்துவிட்டால், பலருக்கும் வீட்டுச் சுத்திகரிப்புக் கருவிக்குள் இருக்கும் கார்பன் ஃபில்டர்தான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கரி குளோரின் வாடையையும் சில கரிம வேதிப்பொருள்களையும் பிடித்துக்கொள்ளும். உப்பைப் பிடிக்காது. கரி நிரப்பிய அந்தக் குழலுக்கு முன்னும் பின்னும், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தால் எண் ஏறக்குறைய மாறாமலே இருக்கும். அதே கரிக்கு மின்சாரம் கொடுத்தால் மட்டும் உப்பு ஏன் அதனிடம் வருகிறது என்பதே இங்கு விளக்க வேண்டிய செய்தி.

உப்பு தண்ணீருக்குள் எப்படி இருக்கிறது?

கலங்கிய ஆற்று நீரைப் பானையில் பிடித்து, பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டால் மண் அடியில் படிந்து நீர் தெளிந்துவிடும் என்பது நம் பாட்டிமார் அறிந்த வித்தை. ஆனால் எத்தனை தேற்றாங்கொட்டை இழைத்தாலும் உவர்நீர் நன்னீர் ஆகாது. மண் நீரில் மிதக்கிறது, உப்பு கரைந்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு நிலைகள்.

சமையல் உப்பு சோடியம், குளோரின் ஆகிய இரண்டின் சேர்க்கை. நீரில் விழுந்ததும் அது இரண்டாகப் பிரிந்து, சோடியம் நேர்மின்னூட்டம் கொண்ட துகளாகவும் குளோரைடு எதிர்மின்னூட்டம் கொண்ட துகளாகவும் தனித்தனியே திரிகின்றன. இப்படி மின்னூட்டம் பெற்ற அணுவுக்கோ அணுத்தொகுதிக்கோ அயனி என்று பெயர். கிணற்று நீரைக் கடினமாக்கும் கால்சியமும் மக்னீசியமும் நேர்மின் அயனிகளே. சல்பேட், நைட்ரேட், ஃப்ளோரைடு ஆகியவை எதிர்மின் அயனிகள். ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள இவை எல்லாவற்றின் எடையையும் மில்லிகிராமில் சொன்னால் அதுதான் டி.டி.எஸ். எனப்படும் மொத்தக் கரைதிடப்பொருள் அளவு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 மி.கி. வரை பொறுத்துக்கொள்ளலாம். கடல்நீரிலோ சுமார் 35,000 மி.கி. இருக்கிறது. இவற்றில் 500, 35,000 ஆகிய இரண்டு எண்களும் பின்னால் ஒரு கணக்குக்குத் தேவைப்படும்.

உப்பையும் நீரையும் பிரிக்க இரண்டு வழிகள் உண்டு. முறத்தில் அரிசி இருக்கிறது, அதில் ஐந்தாறு கற்கள் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கல்லைப் பொறுக்கி எறியலாம். அல்லது அரிசி முழுவதையும் மணி மணியாக எடுத்து வேறு பாத்திரத்தில் போட்டுவிட்டுக் கல்லை முறத்திலேயே விட்டுவிடலாம். இரண்டாவது வழியை வீட்டில் யாரும் செய்யமாட்டார்கள். ஆனால் ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல் செய்வது அதைத்தான்: உயர் அழுத்தம் கொடுத்து நீரை ஒரு மெல்லிய சவ்வின் வழியே அப்பால் தள்ளிவிட்டு, உப்பை இப்பாலேயே நிறுத்திவிடுகிறது. சி.டி.ஐ. கல் பொறுக்கும் வழி. நீர் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்க, அயனிகள் மட்டும் இழுத்தெடுக்கப்படுகின்றன. முறத்தில் கற்கள் மிக அதிகமாக இருந்தால் எந்த வழி நல்லது என்ற கேள்வியையும் இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளலாம். கடல்நீரின் நிலை அதுதான்.

இதுவரை சொன்னதன் சாரம்: கரைந்த உப்பு மின்னூட்டமுள்ள அயனிகளாக இருக்கிறது, ஆகவே அதை மின்னூட்டத்தால் இழுக்க முடியும்.

இழுத்துப் பிடித்து, பிறகு விடுவது

காய்ந்த தலைமுடியில் பிளாஸ்டிக் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுபோனால் அவை தாவி ஒட்டிக்கொள்ளும். மின்னூட்டம் தொலைவிலிருந்தே இழுக்கும் என்பதற்கு நாம் எல்லோரும் பள்ளியில் செய்து பார்த்த சான்று அது. சீப்பில் ஏறிய மின்னூட்டம் சற்று நேரத்தில் கசிந்து போய்விடுகிறது. ஏற்றிய மின்னூட்டத்தைத் தக்கவைத்து, வேண்டும்போது திருப்பித் தரும் பொருளுக்கு மின்தேக்கி என்று பெயர். மின்விசிறி மெதுவாகச் சுற்றும்போது எலக்ட்ரீஷியன் கழற்றி மாற்றுகிறாரே, அந்தக் கண்டன்சர் ஒரு மின்தேக்கிதான்.

சி.டி.ஐ. கருவி என்பது நடுவே உப்புநீர் ஓடும் ஒரு மின்தேக்கி. இரண்டு கரித்தகடுகள் எதிரெதிரே நிற்கின்றன; அவற்றிற்கிடையே நீர் செல்ல ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி இருக்கிறது. தகடுகளை ஒரு மின்கலத்துடன் இணைத்ததும் ஒன்றில் எலக்ட்ரான்கள் வந்து குவிகின்றன, மற்றொன்றில் குறைகின்றன. எலக்ட்ரான் குவிந்த எதிர்மின் தகட்டை நோக்கிச் சோடியமும் கால்சியமும் நகர்கின்றன. நேர்மின் தகட்டை நோக்கிக் குளோரைடும் சல்பேட்டும் நகர்கின்றன. கரியின் மேற்பரப்பை அடைந்த அயனிகள் கரிச்சுவருக்குள் நுழைவதுமில்லை, அதனோடு வேதிவினை புரிவதுமில்லை. கரிச்சுவரின் உட்பக்கம் எலக்ட்ரான்கள் ஓர் அடுக்காகவும், வெளிப்பக்கம் அவற்றுக்கு நேராக அயனிகள் மற்றோர் அடுக்காகவும், இடையே ஒரு நானோமீட்டர் அளவே உள்ள இடைவெளியோடு எதிரெதிர் நிற்கின்றன. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்த அமைப்பை இரட்டை மின்னடுக்கு என்கிறார்கள். ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை விவரித்துவிட்டார்.

சில நிமிடங்களில் கரியின் இடமெல்லாம் அயனிகளால் நிறைந்துவிடும். அதுவரை வெளியே வந்தது உப்புக் குறைந்த நீர். இப்போது மின்கலத்தைத் துண்டித்து இரு தகடுகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் எலக்ட்ரான்கள் சமநிலைக்குத் திரும்புகின்றன. பிடி தளர்ந்த அயனிகள் மீண்டும் நீருக்குள் இறங்குகின்றன. அந்த உப்பு மிகுந்த நீரைத் தனிக்குழாய் வழியே வெளியேற்றிவிட்டு, மறுபடி மின்னேற்றலாம். பழந்துணியால் தரையில் சிந்திய நீரை ஒற்றியெடுத்து, வாளியில் பிழிந்துவிட்டு, அதே துணியை மீண்டும் பயன்படுத்துவதைப் போன்றது இது. பிழியும் நேரத்தில், மின்னேற்றச் செலவிட்ட ஆற்றலில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறவும் முடியும், மின்தேக்கி அல்லவா.

மின்னழுத்தத்தைக் கூட்டினால் இழுப்பு கூடுமே, ஏன் 1.2 வோல்ட்டோடு நிறுத்த வேண்டும் என்று கேட்கத் தோன்றும். கோட்பாட்டின்படி 1.23 வோல்ட்டைத் தாண்டினால் நீரே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியலாம். அதற்கு மின்பகுப்பு என்று பெயர். அப்போது மின்சாரம் உப்பை இழுப்பதை விட்டுவிட்டு நீரை உடைப்பதில் செலவாகும், கரியும் கெடும். “மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து உப்பை எடுக்கிறார்கள்” என்று சில காணொளிகளில் சொல்லப்படுவது இதனால்தான் தவறு. நீர் பிரியாமல் பார்த்துக்கொள்வதுதான் இங்கே கலை. கைவிளக்கில் போடும் செல் ஒன்றின் 1.5 வோல்ட்டைவிடக் குறைந்த அழுத்தத்தில் இந்த வேலை நடக்கிறது.

சுருக்கமாக: மின்னேற்றும்போது அயனிகள் கரியின் பரப்பில் வந்து நிற்கின்றன, மின்னிறக்கும்போது விலகுகின்றன. கரி அங்கே சல்லடையாக இல்லை, தங்குமிடமாக இருக்கிறது.

ஒரு கிராமுக்குள் 37 சென்ட்

தங்குமிடம் என்றால் இடப்பரப்பு வேண்டும். உள்ளங்கை அளவுள்ள வழவழப்பான உலோகத் தகட்டில் இரட்டை மின்னடுக்காக நிற்கக்கூடிய அயனிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சொற்பம். கரி இங்கே தேர்ந்தெடுக்கப்படுவதற்கு முதற்காரணம் அதன் துளைகள்.

துளைகள் திறக்கப்பட்ட, அதாவது செயலூட்டிய, நல்ல கரி ஒரு கிராமுக்குள் 1,000 முதல் 2,000 சதுர மீட்டருக்கு மேல்கூடப் பரப்பு இருக்கிறது. 1,500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 37 சென்ட் நிலம். ஒரு மனை, ஒரு வீடு என்று கணக்கிட்டுப் பழகிய நமக்கு, ஒரு தேக்கரண்டியில் அள்ளக்கூடிய கரித்தூளுக்குள் அத்தனை நிலம் மடிந்து கிடக்கிறது என்பது எத்தனை முறை எழுதினாலும் வியப்பு குறையாத செய்தி.

ஆனால் பரப்பு மட்டும் போதாது, அங்கே போய்ச் சேர வழியும் வேண்டும். துளைகளை அகலத்தை வைத்து மூன்றாக வகுக்கிறார்கள். 2 நானோமீட்டருக்கும் குறைவானவை நுண்துளைகள். 2 முதல் 50 வரை இடைத்துளைகள். 50க்கு மேல் பெருந்துளைகள். ஓர் ஊரை நினைத்துக்கொண்டால் பெருந்துளை நெடுஞ்சாலை, இடைத்துளை தெரு, நுண்துளை வீட்டு அறை. நீர்மூலக்கூறுகள் சூழ்ந்த ஒரு சோடியம் அயனியின் குறுக்களவு சுமார் 0.7 நானோமீட்டர், ஆகவே அது நுண்துளைக்குள் நுழைந்து தங்க முடியும். உப்பின் பெரும்பகுதி தங்குவது அந்த அறைகளில்தான். ஆனால் அறைகள் மட்டும் நெருக்கமாக இருந்து தெருவும் சாலையும் இல்லாவிட்டால், அயனிகள் வெளியிலேயே காத்திருந்து, நிரம்புவதற்கு மிகுந்த நேரம் பிடிக்கும். “எங்கள் பொருளுக்கு 3,000 சதுர மீட்டர் பரப்பு” என்ற விளம்பர எண்ணை மட்டும் வைத்து ஒரு மின்வாய்ப் பொருளை மதிப்பிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

கரிக்கு வேறு சிறப்புகளும் உண்டு. அது மின்சாரத்தைக் கடத்துகிறது, இரும்பைப் போல் உப்புநீரில் விரைந்து அரிப்பதில்லை, விலையும் குறைவு. இந்த மூன்றும் துளைகளும் ஒருசேர அமைந்த பொருள் வேறு எளிதில் கிடைப்பதில்லை.

தொட்டிக்கரியிலிருந்து மின்வாய் வரை

இதற்கான கரியில் முக்கியமான ஒன்று தேங்காய் ஓட்டிலிருந்து வருகிறது. சிரட்டை, கொட்டாங்குச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். காங்கேயம் பக்கம் தொட்டி என்பார்கள், அதைச் சுட்ட கரி தொட்டிக்கரி. அப்பகுதியிலும் இலங்கையிலும் இது ஒரு பெரிய தொழில். தொட்டியைக் காற்றுப் படாமல் சுட்டால் கிடைக்கும் கரியில் துளைகள் அடைபட்டே இருக்கும். அதை 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியோடு வினைபுரியச் செய்தால், நீராவி கரியை உள்ளே அரித்துத் துளைகளைத் திறக்கிறது. இதற்குத்தான் செயலூட்டல் என்று பெயர். தேங்காய் ஓட்டுக் கரி கடினமானது, நுண்துளை மிகுந்தது. உலகின் பல ஆய்வகங்களில் சி.டி.ஐ. சோதனைகளுக்கு ஒப்பீட்டு அளவுகோலாகப் பயன்படும் ஜப்பானின் குராரே நிறுவனத்து ஒய்.பி.-50எஃப் என்ற கரித்தூளும் தேங்காய் ஓட்டிலிருந்து வருவதே.

தூளை அப்படியே நீரில் வைக்க முடியாது, நீரோடு கலந்து ஓடிவிடும். கரித்தூளோடு மின்கடத்தலைக் கூட்டச் சிறிது புகைக்கரியும், ஒட்டுவதற்குச் சிறிது நெகிழிப் பிசினும் சேர்த்து, நன்கு கலக்கித் தோசை மாவுப் பதத்தில் ஒரு குழம்பாக்குகிறார்கள். நூறு பங்கில் கரி எண்பது, மற்ற இரண்டும் பத்துப் பத்து என்பது ஆய்வகங்களில் வழக்கமான அளவு. அந்தக் குழம்பைக் கிராஃபைட் தாளின்மீது ஒரே சீரான கனத்தில், ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு அளவுக்கு, இழுத்துப் பரப்பி உலர்த்தினால் மின்வாய் தயார். பிசின் கூடினால் துளைகள் அடைபடும். குறைந்தால் கரி உதிர்ந்து குழாயில் கறுப்பு நீர் வரும். கல்லில் மாவு பரப்பும் கை நேர்த்தி போன்ற ஒன்று இங்கும் தேவைப்படுகிறது, ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அது ஒரே வரியில் கடந்துபோய்விட்டாலும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

சி.டி.ஐ. பற்றிய பெரும்பாலான மிகைக்கூற்றுகளை ஒரு சிறு கணக்கால் சோதித்துவிடலாம். 1.2 வோல்ட்டில், இரு மின்வாய்களின் கரியையும் சேர்த்து எடைபோட்டால், நல்ல செயலூட்டிய கரி ஒரு கிராமுக்கு 10 முதல் 15 மி.கி. உப்பைப் பிடிக்கிறது. எளிமைக்காக 10 மி.கி. என்போம். ஒரு சிட்டிகை உப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு அது. இத்தனை பரப்பு இருந்தும் இவ்வளவுதானா என்று தோன்றலாம்; அயனிகள் ஒற்றை அடுக்காக, மின்னூட்டத்துக்கு ஈடாக மட்டுமே நிற்பதால் அளவு அவ்வளவுதான்.

1,500 மி.கி. டி.டி.எஸ். உள்ள ஒரு லிட்டர் கிணற்று நீரை 500 மி.கி.க்குக் கொண்டுவர 1,000 மி.கி. உப்பை எடுக்க வேண்டும். அதற்கு 100 கிராம் கரி போதும். பிடிப்பதும் விடுவதும் சேர்ந்து ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் ஆகும் என்றால், அதே 100 கிராம் கரி மணிக்கு ஆறு லிட்டர் நீர் தரும். ஒரு குடும்பத்தின் குடிநீருக்கு இது தாராளம்.

இனிக் கடல்நீர். ஒரு லிட்டரில் 35 கிராம் உப்பு. ஏறக்குறைய முழுவதையும் எடுக்க மூன்றரைக் கிலோ கரி வேண்டும், அதுவும் ஒரே ஒரு லிட்டருக்கு. மின்சாரத்தைப் பார்த்தாலும் இதே கதைதான். ஒரு சோடியம், ஒரு குளோரைடு இணையை எடுக்கக் குறைந்தது ஓர் எலக்ட்ரானை நகர்த்த வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு மின்னூட்டம் வீணாகும் என்று வைத்துக்கொண்டு 1.2 வோல்ட்டில் கணக்கிட்டால், லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் உப்பைக் குறைக்க ஆயிரம் லிட்டர் நீருக்குச் சுமார் 0.7 யூனிட் மின்சாரம் ஆகிறது. பம்பு ஓடும் செலவு தனி. மின்னிறக்கும்போது திரும்பக் கிடைப்பதும் தனி. கடல்நீருக்கு இதை 35 மடங்காக்கினால் 24 யூனிட்டைத் தாண்டுகிறது. நவீன ஆர்.ஓ. நிலையங்கள் கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் குடிநீரை 3 அல்லது 4 யூனிட்டில் தந்துவிடுகின்றன. சென்னைக்கு நீர் தர மீஞ்சூர் நிலையமும் (2010) நெம்மேலி நிலையமும் (2013) நாளொன்றுக்குப் பத்துப் பத்துக் கோடி லிட்டர் கொள்திறனோடு ஆர்.ஓ. முறையில் அமைக்கப்பட்டதன் நியாயம் இந்த எண்களிலேயே இருக்கிறது. கரி மின்வாய் அவற்றுக்கு மாற்றாக வரப்போகிறது என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

முறத்துக் கற்களுக்கு இப்போது திரும்பலாம். கல் பொறுக்கும் வேலை கல்லின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அதனால்தான் சி.டி.ஐ.யின் இடம் உவர்நீரே, கடல்நீர் இல்லை. உவர்நீரிலும் எந்த அளவு உப்பு வரை அது ஆர்.ஓ.வை முந்தும் என்பதில் ஆய்வாளர்களுக்கிடையே இன்னும் வாதம் நடக்கிறது.

வீணாகும் மின்னூட்டமும் அதற்கான திரையும்

மேலே ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று போகிற போக்கில் சொன்னதைச் சற்று விளக்க வேண்டும். மின்னேற்றுவதற்கு முன்பே கரியின் துளைகளுக்குள் உப்புநீர் நிரம்பியிருக்கிறது. அங்கே சோடியமும் குளோரைடும் சம அளவில் உள்ளன. தகட்டுக்கு எதிர்மின்னூட்டம் கொடுத்ததும் அதை ஈடுசெய்ய இரண்டு வழிகள் திறக்கின்றன: வெளியிலிருந்து ஒரு சோடியத்தை உள்ளே இழுக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் ஒரு குளோரைடை வெளியே தள்ளலாம். தராசை ஒரு பக்கம் சாய்க்க, அந்தத் தட்டில் எடை வைத்தாலும் சரி, எதிர்த்தட்டிலிருந்து எடையை எடுத்தாலும் சரி, முள் ஒரே திசையில்தான் சாயும். மின்னூட்டக் கணக்கும் அப்படியே. ஆனால் குளோரைடு வெளியே போனால் நீரில் உப்பு குறையவில்லை. எலக்ட்ரான் மட்டும் செலவாகிவிட்டது. கொடுத்த மின்னூட்டத்தில் எத்தனை பங்கு உண்மையில் உப்பை நீக்கியது என்ற விகிதத்துக்கு மின்னூட்டப் பயன்திறன் என்று பெயர்.

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வு எளிமையானது. எதிர்மின் தகட்டின் முன்னால் நேர்மின் அயனிகளை மட்டும் விடும் சவ்வையும், நேர்மின் தகட்டின் முன்னால் எதிர்மின் அயனிகளை மட்டும் விடும் சவ்வையும் திரைபோல் போட்டுவிட்டால், உள்ளிருந்து தள்ளப்படும் அயனி வெளியேற வழியின்றி உள்ளேயே நின்றுவிடுகிறது. 2000களின் நடுவில் பரவத் தொடங்கிய இந்த அமைப்பு இன்று வணிகக் கருவிகளில் வழக்கமாகிவிட்டது. இன்னொரு நன்மையும் சேர்ந்து வந்தது: உப்பை விடுவிக்கும் நேரத்தில் மின்னோட்டத்தைத் திசைமாற்றிக் கொடுத்து அயனிகளை வேகமாக விரட்டலாம். சவ்வு இல்லாவிட்டால் விரட்டப்பட்ட அயனி எதிர்த்தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். சவ்வின் விலைதான் இதில் உறுத்தல்; மலிவான கரியைச் சுற்றி விலையுயர்ந்த திரை.

கரியும் தேயும்

இம்முறை புதியதன்று. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 1960ஆம் ஆண்டிலேயே பிளேர், மர்ஃபி என்ற இருவர் துளையுள்ள கரி மின்வாய்களால் உப்பு நீக்குவதைப் பற்றி எழுதினார்கள். 1971இல் ஜான்சனும் நியூமனும் அதற்கான கோட்பாட்டை வகுத்தார்கள். பிறகு மின்வாய்கள் நீடித்து உழைக்காமை பெருந்தடையாகி, வேகம் குறைந்தது. 1990களில் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ஜோசப் ஃபார்மர் குழுவினர் கரி ஏரோஜெல் என்ற, பஞ்சுபோல் இலேசான, மின்சாரத்தை நன்கு கடத்தும் கரியைப் பயன்படுத்தி இத்துறைக்குப் புத்துயிர் கொடுத்தார்கள்.

நீடித்து உழைக்காமைக்குக் காரணம் நேர்மின் தகடு. எலக்ட்ரான் குறைந்த அந்தக் கரியை நீரும் நீரில் கரைந்த ஆக்சிஜனும் சிறிது சிறிதாக ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. மெல்ல மெல்ல நிகழும் எரிதல் என்றே இதைச் சொல்லலாம். துளைச் சுவர்களில் ஆக்சிஜன் தொகுதிகள் ஒட்டிக்கொண்டு, ஆயிரக்கணக்கான சுற்றுகளில் உப்புப் பிடிக்கும் திறன் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே ஒரு புதிய மின்வாய்ப் பொருள் முதல் சுற்றில் எவ்வளவு பிடித்தது என்பதைவிட, ஆயிரமாவது சுற்றில் எவ்வளவு பிடித்தது என்று கேட்பதே முறை. செய்திகளில் முதல் எண்தான் வருகிறது. பயனாளிக்கு வேண்டியது இரண்டாவது எண்.

கிராஃபீன் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது

கிராஃபீன் என்பது ஓர் அணுக் கனமே உள்ள கரித்தாள். கோட்பாட்டின்படி ஒரு கிராமுக்கு 2,630 சதுர மீட்டர் பரப்பு கொண்டது. 2017இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் கிராஃபீன் ஆக்சைடுச் சவ்வால் உப்பை வடிகட்டிக் காட்டியபோது, உலகெங்கும் பெரிய செய்தியானது. அது சல்லடை, நீரை விட்டு அயனியை நிறுத்தும் வேலை, ஆர்.ஓ.வின் குடும்பம். கிராஃபீனை மின்வாயாகப் பயன்படுத்தும் ஆய்வுகள் வேறு குடும்பம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதிய கட்டுரைகளைத் தமிழிலும் படித்திருக்கிறேன். மின்வாயாக வரும்போது கிராஃபீனுக்கு ஒரு தொல்லை உண்டு: தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, படித்து முடித்த செய்தித்தாள் கட்டுபோல் ஆகி, பரப்பின் பெரும்பகுதி மறைந்துபோகிறது. அதைத் தடுக்க இடையே கரி நானோகுழாய்களைச் செருகுவதும் தாளிலேயே துளையிடுவதும் நடக்கின்றன. நைட்ரஜன் அணுக்களைச் சேர்த்துக் கரியின் கடத்தலைக் கூட்டும் முயற்சிகளும் உண்டு. இவற்றில் பல நல்ல பலன் தந்தாலும், கிலோ கணக்கில் வாங்கும்போது தொட்டிக்கரியோடு விலையில் போட்டியிடுவது கடினம்.

கரித்தூளை நீரிலேயே கலந்து, கறுப்புக் குழம்பாகத் தொடர்ந்து ஓடவிடும் பாய்வு மின்வாய் முறையைத் தென்கொரிய ஆய்வாளர்கள் 2013இல் அறிமுகப்படுத்தினார்கள். நிரம்பிய கரி வெளியே போய்ப் புதிய கரி உள்ளே வந்துகொண்டே இருப்பதால், நிறுத்திப் பிழிய வேண்டிய தேவை இல்லை. மூன்றரைக் கிலோ கணக்குக்கு விடைதேடும் முயற்சிகளில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இதுதான், குழம்பைச் சுற்றவைக்கும் பம்புச் செலவு இன்னும் குறைய வேண்டியிருந்தாலும்.

எங்கே பொருந்தும்?

டி.டி.எஸ். 1,000 முதல் 3,000 மி.கி. வரை உள்ள கிணற்று நீர், கடினத்தன்மை மிகுந்த நீர், சூரிய மின்தகட்டால் மட்டும் இயங்க வேண்டிய சிற்றூர் நிலையங்கள் ஆகியவை இதற்கு ஏற்ற களங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் ஆய்வுக்குழு இத்துறையில் பணியாற்றியிருக்கிறது. வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்ட சூழலில், 500 மி.கி.க்குக் குறைவான நீருள்ள இடங்களில் அக்கருவிகளைத் தடைசெய்யுமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டதை நினைவுகூரலாம். சவ்வுத் திரையிட்ட சி.டி.ஐ. நன்கு வடிவமைக்கப்பட்டால், உள்ளே விட்ட நீரில் ஐந்தில் நான்கு பங்கை நல்ல நீராகத் திருப்பித் தரும். எத்தனை உப்பைக் குறைக்க வேண்டும் என்பதை மின்னழுத்தத்தால் கூட்டிக் குறைக்கவும் முடியும், 1,200 மி.கி. நீரைச் சுவையற்ற 30 மி.கி.க்குக் கொண்டுபோய், பிறகு தாதுக்களை வெளியிலிருந்து சேர்க்க வேண்டியதில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மின்னூட்டமில்லாதவற்றை இம்முறை இழுக்காது. கிருமி போகாது, பூச்சிக்கொல்லி போன்ற பொருள்களில் கரி தானாகப் பிடிப்பது போக மிச்சம் நீரிலேயே நிற்கும். சேறும் இரும்பும் மிகுந்த நீரை முன்கூட்டியே வடிகட்டாமல் விட்டால் துளைகள் அடைபடும். சி.டி.ஐ. என்பது உப்பைக் குறைக்கும் கருவி. குடிநீராக்க அதன் முன்னும் பின்னும் வேறு படிகள் வேண்டும்.

எடுத்த உப்பும் அழிந்துபோவதில்லை. கரியைப் பிழிந்த அந்த ஐந்தில் ஒரு பங்கு நீரில் முழுவதும் சேர்ந்து நிற்கிறது: 1,500 மி.கி. நீரை 500 ஆக்கியிருந்தால், கழிவாக வரும் நீரில் 5,500 மி.கி. இருக்கும். மீஞ்சூருக்குக் கடல் பக்கத்தில் இருக்கிறது. கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊரில் அந்த நீரைக் கிணற்றடி வாய்க்காலிலேயே விட்டால், சில ஆண்டுகளில் அது நிலத்தில் இறங்கி அதே கிணற்றுக்குத் திரும்பி வரும். ஆவியாக்கும் தொட்டி கட்டுவதற்கான இடத்தையும் செலவையும் கருவியின் விலையோடு சேர்த்தே அந்த ஊர் கணக்கிட வேண்டியிருக்கிறது.